சின்ன வண்டி, பெரிய மோட்டார்

1984-இல் ஜப்பானின் ஷிஸுவோகாவில் இருக்கும் தாமியா நிறுவனம் இரண்டு ரிமோட் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. மற்றது ஹார்னெட், குளவி. இரண்டுமே 1/10 அளவு. உதிரிகளாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே உட்கார்ந்து திருகாணி முடுக்கிச் சேர்க்கவேண்டும். மேலே உள்ள கூட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் ஏறத்தாழ ஒரே பிளாஸ்டிக் தொட்டிதான். விலை குறைந்த வெட்டுக்கிளிக்குள் 380 எனப்படும் சின்ன மோட்டார் இருந்தது. குளவிக்குள் 540.

ஒரு பையனுக்கு ஆசை மூட்ட இது போதாதா? அடியில் ஒரே தொட்டி என்றால் என் வெட்டுக்கிளிக்குள்ளும் குளவியின் மோட்டாரைத் திணித்துவிடலாமே! இந்த யோசனை வராத வெட்டுக்கிளிக்காரர்கள் குறைவு. பல பேர் செய்தும் பார்த்தார்கள். பின்னாளில் இரண்டு கார்களையும் நிறுவனம் மறுபடி தயாரித்து வெளியிட்டது. இன்றைய பையன்களும், அன்றைய பையன்களாக இருந்து இன்று தலை நரைத்தவர்களும், அதே மாற்றத்தை இன்னமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

380, 540 என்ற எண்கள் மாபூச்சி என்னும் ஜப்பானிய மோட்டார் நிறுவனத்தின் பெயரிடும் முறையிலிருந்து வந்தவை. இன்று யார் செய்த மோட்டாராக இருந்தாலும் அந்த அளவுக்கு அதுவே பொதுப்பெயர். 380-இன் குறுக்களவு சுமார் 28 மில்லிமீட்டர், 540-க்கு சுமார் 36. அச்சுத்தண்டு 2.3 மில்லிமீட்டரிலிருந்து 3.17-க்குத் தடிக்கிறது. எடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வண்டிக்குள் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்கு முன்பு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளவியைச் செய்தவர்கள் அதில் மோட்டாரை மட்டும் பெரிதாக்கவில்லை. பின்பக்கம் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தார்கள். சேர்த்தும் என்ன, மேடு பள்ளத்தில் அதன் பின்பக்கம் குதிப்பதைப் பற்றி அதன் ரசிகர்களே இன்றுவரை சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

ஒன்று தாங்குவதற்கு மேலான பலத்தை அதற்குள் வைக்கலாமா? கேட்பதற்குப் பொறியியல் கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு இது ஓர் அறக்கேள்வியாகவும் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முதலில் பெட்டியைத் திறந்து பற்சக்கரத்தைப் பார்க்கவேண்டும்.

பல்லிலிருந்து தொடங்கும்

மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பற்சக்கரம், பினியன். அது சுற்றும்போது தன் பல்லால் பெரிய பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. அது ஸ்பர் கியர், பெரும்பாலும் பிளாஸ்டிக். அங்கிருந்து விசை டிஃபரன்ஷியலுக்குப் போகிறது, டிஃபரன்ஷியலிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து டயரின் ரப்பருக்கு, ரப்பரிலிருந்து மண்ணுக்கு. ஒரு மோட்டாரின் பலம் வேலையாக மாறவேண்டுமென்றால் இத்தனை கை மாறவேண்டும். ஒவ்வொரு கையும் வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கவேண்டும்.

பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, பற்களை அழுத்திப் பிடித்து, மோட்டாரின் திருகாணியை முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவி எடுத்துவிடுவார்கள். அந்தக் காகிதத்தின் கனம்தான் சரியான இடைவெளி. அதைவிட நெருங்கினால் பற்கள் அரைபட்டுச் சூடேறும். விலகினால் நுனியில் மட்டும் பிடித்துச் சிதையும். ஒரு வண்டியின் ஆயுள் ஒரு காகிதத்தின் கனத்தில் நிற்கிறது.

இப்போது பெரிய மோட்டாரைப் போடுகிறோம். மோட்டாரின் முறுக்குவிசை அது இழுக்கும் மின்னோட்டத்துக்கு ஏற்ப உயரும். ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. முதல் நாள் பிரமாதமாக ஓடும். இரண்டாம் நாள் ஸ்பர் கியரில் நாலு பல் போயிருக்கும். சரி, பிளாஸ்டிக்தானே என்று இரும்பில் வாங்கிப் போட்டால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டிப் பற்கள் பொடியாகும். அதையும் மாற்றினால் அச்சின் மூட்டு முறுக்கிக்கொள்ளும். அதையும் மாற்றினால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கை உடையும். ஒவ்வொரு முறையும் உடைவது நிற்பதில்லை, இடம் பெயர்கிறது.

இதைவிட நுட்பமான ஒரு கோளாறு உண்டு. வண்டியில் பேட்டரி ஒன்றுதான். மோட்டாருக்கும் அதிலிருந்தே மின்சாரம், ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் அதிலிருந்தே. பேட்டரி ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பெரிய மோட்டார் ஒரே மூச்சில் இழுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரியும். சரிந்தால் ரிசீவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங் இல்லை. அதாவது வண்டி உச்சபட்ச வேகத்தைக் கேட்கும் அதே நொடியில்தான் திரும்பும் சக்தியை இழக்கிறது. எந்த அறநூலும் அதிகாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது என்று தோன்றும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வரி. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை 50-க்குக் கொண்டுபோனால் அது மோதும்போது கொண்டிருக்கும் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பிரேக்கும் பம்பரும் எதிரில் நிற்பவரின் கணுக்காலும் அந்த நான்கு மடங்கை வாங்கிக்கொள்ளவேண்டும்.

சிரிப்பு என்ற நியாயம்

இவ்வளவும் தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? அறியாமையால் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் செய்பவர்களில் பலர் மேலே சொன்னதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்து முதல் காரணம் சிரிப்பு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வண்டி, விசையைத் தொட்டதும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு குதிரை மாதிரி நிற்கிறது. பின் டயர்கள் சுழலும் வேகத்தில் ஊதிப் பெருக்கின்றன. வண்டி நேராகப் போகவில்லை, எங்கேயோ போகிறது, புழுதியில் உருண்டு மல்லாந்து கிடந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. பார்ப்பவர்கள் வயது வித்தியாசமில்லாமல் சிரிக்கிறார்கள். தாமியாவே 1982-இல் வைல்ட் வில்லி என்றொரு ஜீப்பை விற்றது. குட்டையான வண்டி, எடையெல்லாம் பின்னால். முன்பக்கத்தைத் தூக்குவதற்கே பெயர் பெற்றது. அளவு மீறுவதையே அளவாகக் கொண்டு செய்த வண்டி.

இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. மிகையில் ஒரு விடுதலை இருக்கிறது. கோயில் தேர் தெருவின் அகலத்துக்குப் பொருந்தாது. சேவல் தன் உடம்புக்குப் பொருந்தாத குரலில் கூவுகிறது. எல்லாவற்றையும் தேவைக்கு ஏற்பக் கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது கணக்குப் புத்தகம். ஆகவே ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற ஒரு வரியைத் தூக்கிப் போட்டு இந்த விவாதத்தை முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்தப் பழமொழி மிஞ்சினால் என்னாகும் என்று சொல்கிறதே தவிர, அளவு எது, அதை வகுப்பவர் யார் என்று சொல்வதில்லை.

யாருக்கு என்ன நஷ்டம்?

என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். 1/18 அளவில் ஒரு நான்கு சக்கர இழுவை கார் வைத்திருக்கிறான். அதில் வந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்றைப் போட்டு, இரண்டு செல் பேட்டரிக்குப் பதிலாக மூன்று செல் போட்டிருக்கிறான். இந்த மோட்டார்களுக்குக் கே.வி. என்றொரு எண் உண்டு. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது அதன் பொருள். 3500 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 25,900 சுற்று. 11.1 வோல்ட் கொடுத்தால் 38,850. செல் ஒன்றுதான் கூடியிருக்கிறது.

“ஏன்டா, இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மோட்டாரு? குருவி தலையில பனங்காய் மாதிரி இருக்கு” என்றேன்.

“என்ன மாமா ஆயிடும்? உடைஞ்சா வேற போட்டுக்கலாம். என் காசு, என் காரு. பிளாஸ்டிக்குக்கு வலிக்கவா போகுது?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் கேள்வி நியாயமானது. அறம் என்று ஒன்று இங்கே நுழையவேண்டுமென்றால் யாருக்காவது எதற்காவது தீங்கு நடந்திருக்கவேண்டும். வலியறியாத ஒரு பொருளுக்குள் பெரிய மோட்டாரை வைப்பதில் தீங்கு எங்கே?

ஒரு பதில், பொருளுக்கென்று ஓர் இயல்பு உண்டு, செய்தவன் ஒரு நோக்கத்தோடு செய்தான், அதை மீறுவது அவமதிப்பு என்பது. எனக்கு இது நிற்கும் என்று தோன்றவில்லை. செய்தவனே உதிரிகளாகத்தான் கொடுக்கிறான். கழற்று, மாற்று, கற்றுக்கொள் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். புடவையில் தூளி கட்டுகிறோம். நெசவாளியின் நோக்கத்தை மீறினோம் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

இன்னொரு பதில், விரயம். உடையும் ஒவ்வொரு பல்லும் குப்பை. உண்மைதான். ஆனால் அதே அளவு குப்பையை நாம் ஒரு கல்யாண வீட்டின் தண்ணீர் பாட்டிலில் போட்டுவிட்டு வருகிறோம். விரயம் இங்கே ஒரு காரணம், மையக் காரணம் இல்லை.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் இதைவிடப் பக்கத்தில் வருகிறது. மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறளை எல்லோரும் அறிவோம். என்னை அதிகம் யோசிக்கவைப்பது அந்த அதிகாரத்தின் முதல் குறள். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையாக வருபவர்களின் வலிமை என்று நான்கை எடைபோடச் சொல்கிறது. மோட்டாரை மாற்றுபவன் தன் வலிமையைக் கணக்கிடுகிறான், ஓட்டப்போகும் வேகத்தைக் கணக்கிடுகிறான். துணைவலியை மறக்கிறான். பினியன், ஸ்பர் கியர், டிஃபரன்ஷியல், அச்சு, பேட்டரி, இவையெல்லாம் துணை. மயிலிறகு வெளியிலிருந்து ஏறும் சுமை. கண்ணுக்குத் தெரியும், இறக்கிவிடலாம். இங்கே சுமை உள்ளேயிருந்து வருகிறது. குருவியின் தலையில் இருக்கும் பனங்காயை யாரும் பார்த்துவிடுவார்கள். அதன் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் பறக்கச் சொல்லும்போதுதான் தெரியும்.

அரிஸ்டாட்டிலும் தன் நிகோமாகிய அறவியலில் ஏறத்தாழ இதையே வேறு வழியில் சொல்கிறார். பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்றால் ஆறுதான் சரி என்று பயிற்சியாளர் முடிவுசெய்ய முடியாது. மைலோ என்ற மல்லனுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது அதிகம். ஆக அளவு என்பது பொருளுக்குள் எழுதப்பட்ட எண் அல்ல, இரண்டுக்கு நடுவிலுள்ள உறவு. 540 பெரிய மோட்டார் அல்ல. குளவிக்குள் அது சரியான மோட்டார். இன்னும் சின்ன வண்டிக்குள் வந்தால்தான் அது பெரியது.

இதுவரை சரி. ஆனால் இதெல்லாம் விவேகத்தைப் பற்றிய பேச்சு. பையனின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அவன் விவேகமில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

உடைவதற்கென்றே ஒரு பல்

பதிலை நோக்கிப் போக எனக்கு உதவியது அந்தப் பிளாஸ்டிக் ஸ்பர் கியர்தான். இது ஏன் பிளாஸ்டிக்? மலிவு, எடை குறைவு, சத்தம் குறைவு. இன்னொரு பயனும் இருக்கிறது. வண்டி கல்லில் சிக்கி, மோட்டார் விடாமல் திருகினால், ஏதாவது ஒன்று உடைந்தே ஆகவேண்டும். அப்படி உடைவது வெளியில் இருக்கும், சுலபமாகக் கழற்றக்கூடிய, விலை குறைந்த ஒரு பாகமாக இருந்தால் நல்லது. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பியூஸ் கம்பி மாதிரி. அது போனால் வீடு இருண்டுவிடும், ஆனால் வீடு இருக்கும். வலிமையான ரிமோட் கார்களில் இதற்காகவே ஸ்லிப்பர் கிளட்ச் என்ற ஓர் அமைப்பை வைக்கிறார்கள். விசை அளவு மீறினால் அது பிடியை விட்டு வழுக்கிக்கொடுக்கும். வழுக்குவதுதான் அதன் வேலை.

பெரிய மோட்டார் வைப்பவன் முதலில் என்ன செய்கிறான்? போனது இந்தப் பல்தானே என்று அதை இரும்பாக மாற்றுகிறான். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவனைப் போல. அதன்பின் வெளியே எதுவும் உடைவதில்லை. எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். உடைவு உள்ளே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத, கழற்றக் கடினமான, விலை அதிகமான இடத்துக்கு.

பலவீனமே இல்லாத அமைப்பு என்று எதுவும் கிடையாது. பலவீனத்தை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதை நல்ல இடத்தில் வைப்பதுதான் வடிவமைப்பு.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் ஏஸ் என்ற மெல்லிய காரைச் செய்துவந்தது. 1962-இல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி அதற்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார். கோப்ரா பிறந்தது. பிறகு அதற்குள் இன்னும் பெரிய 7 லிட்டர் எஞ்சினை வைக்கவேண்டும் என்றபோது பழைய சட்டகம் போதாது என்று ஒத்துக்கொண்டு புதிதாகச் செய்தார்கள். முதுகெலும்பாக இருந்த குழாய்கள் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாயின. பட்டைச் சுருள்களுக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்கள் வந்தன. 1965-இல் வந்த அந்தக் காருக்கும் பெயர் கோப்ராதான், ஆனால் அடியில் அது வேறு கார். பலத்தைக் கூட்ட விரும்புகிறவர், பலத்தை வாங்கும் எல்லாவற்றையும் கூடவே வளர்க்கச் சம்மதித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. சம்மதிக்காதபோதுதான் சிக்கல்.

ரிமோட் யார் கையில்?

ஷெல்பிக்கும் என் அக்கா மகனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நிஜக் காரில் எஞ்சினை ஏற்றுபவர் அதில் ஏறி உட்காரவும் வேண்டும். அச்சு முறிந்தால் அவரும் உருளுவார். அந்தப் பயம் ஒரு அளவுகோல். ரிமோட் காரில் வேகத்தை விரும்புகிறவன் வண்டிக்குள் இல்லை. இருபது முப்பது மீட்டர் தள்ளி, நிழலில், தரையில் கால் ஊன்றி நிற்கிறான். வேகம் முழுக்க அவனுக்கு இன்பம். அதிர்ச்சி முழுக்க வண்டிக்கு. இந்தப் பொம்மையின் பெயரிலேயே இருக்கும் விஷயம் இது, நாம் கவனிப்பதில்லை.

பையன் ஓட்டுவது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் திடலில். சாயங்காலம் அங்கே இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகளைக் கூட்டிவருவார்கள். கடையில் அப்படியே வாங்கும் 1/10 பிரஷ்லெஸ் கார்களிலேயே சில மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டுபவை. இவனுடையது அவ்வளவு போகாது. ஆனால் முழு விசையில் ஸ்டியரிங் ஒரு கணம் செத்துப்போகும் கார் இது. அவனிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: “உன் காரு உடைஞ்சா உன் காசு. சரி. இங்க ஒரு குழந்தை காலுல அடிச்சா அது யார் காசுடா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அப்ப காலையில ஆளில்லாதப்ப ஓட்டறேன் மாமா” என்றான். “அந்த ரிசீவருக்குத் தனியா ஒரு சின்ன பேட்டரி குடுத்துட்டா ஸ்டியரிங் போகாது. அதையும் பண்ணிடறேன்.” மோட்டாரைக் கழற்றுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மிகையை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் விளையும் உடைவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

என் பதில் இதுதான். பெரிய மோட்டார் தன்னளவில் பாவம் அல்ல. பலம் ஒருவருக்கும் உடைவு இன்னொருவருக்கும் போகும்போது அது பாவமாகிறது.

இதற்கு நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் குடிநீர்க் குழாய். மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில் சில வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சுவார்கள். சட்டப்படி கூடாது, அதிகாரிகள் அவ்வப்போது வந்து மோட்டார்களைப் பறிமுதல் செய்து எடுத்துப் போவதும் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் அரை குதிரைத்திறன் வைத்தால் இவர் ஒரு குதிரைத்திறன் வைப்பார். குழாய் அதே குழாய், வரும் தண்ணீரும் அதே தண்ணீர். மோட்டார் வைத்தவரின் தொட்டி நிரம்பி வழிகிறது. தெருவின் கடைசி வீட்டில் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி காற்று வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எந்த மோட்டாரையும் வைக்கவில்லை. உடைந்தது அவருடைய காலைப்பொழுது. மோட்டார் வைத்தவர் கெட்டவர் என்றில்லை. கடைசி வீடு அவர் கண்ணில் படும் தூரத்தில் இல்லை. அவர் கையில் இருப்பதும் ஒரு ரிமோட்தான்.

உதிரிபாகம் கிடைக்காத வண்டி

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்று. காரை ஓட்ட அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். மற்ற நாட்களில் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு டியூஷன், பள்ளி விட்டதும் இன்னொன்று, இரவு நுழைவுத்தேர்வுக்கான அடிப்படை வகுப்பு. அத்தானைக் கேட்டால் “இப்பவே வேகம் புடிச்சாத்தான் உண்டு” என்பார். அவர் நல்ல மனிதர். மகனுக்காகத் தன் செருப்பைக்கூட மாற்றாமல் பணம் கட்டுகிறவர்.

பிள்ளைகளிடமும் சில பிளாஸ்டிக் பற்கள் இருக்கின்றன. தூக்கம் வருகிறது என்ற முனகல். இன்றைக்குப் போகமாட்டேன் என்ற அடம். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது. தலைவலி என்று ஒரு பொய். இவையெல்லாம் எரிச்சலூட்டுபவை, மலிவானவை, சுலபமாகச் சரிசெய்யக்கூடியவை. ஒருநாள் லீவு, ஒரு தூக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சுமை மிஞ்சிவிட்டது என்பதை முதலில் சொல்லும் இடங்கள் இவைதான். நாம் என்ன செய்கிறோம்? முனகினால் திட்டுகிறோம். அடம் பிடித்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டுகிறோம். ஒரு கட்டத்தில் பிள்ளை முனகுவதை நிறுத்திவிடுகிறது. “இப்ப ரொம்பப் பொறுப்பாயிட்டான்” என்று சொல்லிக்கொள்கிறோம். பல் இரும்பாகிவிட்டது. இனி வெளியே எதுவும் உடையாது.

உள்ளே எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது. அச்சு மாதிரி ஒரு நாள் சட்டென்று முறியலாம். மோட்டார்க் கம்பியின் பூச்சு மாதிரி வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கருகலாம். கார் என்றால் பெட்டியோடு வந்த வரைபடத்தில் எண்ணைப் பார்த்து உதிரிபாகம் வாங்கிவிடலாம். இங்கே அந்த வரைபடம் இல்லை.

பிள்ளைகளிடம் எதையும் எதிர்பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பலத்தை வாங்கிப் பழகித்தான் எந்தச் சட்டகமும் வளர்கிறது. மைலோவும் ஒருநாள் புதிதாக வந்தவன்தான். இரும்புக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். பிள்ளையின் குழாய்கள் 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகத் தானே தடிக்கும். ஆனால் அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். அதுவரை முனகும் பல்லை முனக விடவேண்டும்.

இதை அத்தானிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். “காரும் புள்ளையும் ஒண்ணா?” என்று கேட்டார். ஒன்றில்லை. காருக்கு இதில் சலுகை அதிகம். காரை வேகமாக ஓட்டுகிறவன், அது உடைந்ததும் அன்றிரவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, எந்தப் பல் போயிற்று என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். விரலில் கிரீஸ், நகத்தில் கீறல். அந்த நேரத்தில் அவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் இறங்கிவிடுகிறான் என்று சொல்லலாம். தான் கேட்ட வேகத்துக்கு எது விலை கொடுத்தது என்பது அவனுக்கு ஒவ்வொரு பாகமாகத் தெரியும். நாளடைவில் எவ்வளவு கேட்கலாம் என்பதும் கைக்குப் பழகிவிடுகிறது. அறிவுரையால் வராத அளவு, பழுதுபார்ப்பதால் வருகிறது.

ஆகவே பெரிய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் ‘வேண்டாம்’ என்று நான் சொல்லமாட்டேன். மூன்று விஷயங்களைக் கேட்பேன். எது முதலில் உடையும் என்று தெரியுமா? அது உடையும் இடத்துக்கு உங்கள் கை எட்டுமா? உடைந்ததை நீங்களே உட்கார்ந்து சரிசெய்வீர்களா, அல்லது கடைசி வீட்டில் குடத்தோடு நிற்கும் யாரோ ஒருவர் சரிசெய்துகொள்ளவேண்டுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் முடுக்கிக்கொள்ளுங்கள். முடுக்கும் முன் அந்தக் காகிதத் துண்டை மறக்காமல் வையுங்கள்.